அடிபம்பு முதலில் சொன்னது

தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலிருந்து போபால் ஜங்ஷனில் இறங்குகிற சுற்றுலாப் பயணி ஏரிப் பக்கம் போவார். ராஜா போஜ் 11ஆம் நூற்றாண்டில் அமைத்ததாகச் சொல்லப்படும் பெரிய ஏரி, தாஜுல் மசூதி, மாலையில் படகுச் சவாரி. வடக்கே போக வேண்டும் என்பவருக்கு 'கார்பைடு' என்ற ஒரு சொல் போதும். ஆட்டோக்காரருக்கு வேறு அடையாளம் தேவையில்லை.

ஆலைக்கு எதிரே ஜே.பி. நகர். சாலையோரத்தில், குழந்தையை அணைத்தபடி முகத்தை மூடிக்கொண்டு ஓடும் தாயின் சிலை. மதிலுக்கு உள்ளே சுமார் 67 ஏக்கர். துருப்பிடித்த இரும்புக் கோபுரங்கள், முள்செடிகள், புல்லில் கிடக்கும் 610ஆம் எண் தொட்டி. 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் அந்தத் தொட்டியிலிருந்துதான் சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் கசிந்து ஊருக்குள் போனது. வருகிறவர்கள் எல்லோரும் படம் எடுப்பது அந்தத் தொட்டியைத்தான்.

நிலத்தைச் சோதிக்க வருகிறவருக்கு அந்தத் தொட்டியால் அதிகப் பயனில்லை. வாயு காற்றோடு போய்விட்டது. போகாமல் தங்கியது வேறு. 1969 முதல் 1984 வரை இங்கே பூச்சிமருந்து தயாரித்த 15 ஆண்டுகளில் மிஞ்சிய தார், கெட்டுப்போன சரக்கு, கரைப்பான், பாதரசம் ஆகியவை வளாகத்துக்குள்ளேயே ஆங்காங்கே கொட்டிப் புதைக்கப்பட்டன. கழிவுநீரைக் குழாய் வழியாக வடக்கே கொண்டுபோய்த் தேக்க, 1977ல் வெயிலில் வற்றவைக்கும் குளங்கள் வெட்டப்பட்டன. அடியில் பிளாஸ்டிக் விரிப்பு. குளங்கள் ஒழுகுவது பற்றி 1982லேயே போபாலிலிருந்து அமெரிக்கத் தலைமையகத்துக்கு டெலக்ஸ் போனது. அது வெளியே தெரியவந்தது பல ஆண்டுகளுக்குப் பிறகு, அமெரிக்க நீதிமன்ற வழக்கில்தான்.

இப்படிப்பட்ட நிலத்தை எடைபோடும் முறை ஒன்றும் ரகசியமல்ல. முதலில் பழைய ஆவணங்களைப் புரட்ட வேண்டும்: என்ன தயாரித்தார்கள், எங்கே கொட்டினார்கள்? வேலை பார்த்த தொழிலாளிகளைக் கேட்க வேண்டும். பிறகு துளை போட்டு, பல ஆழங்களில் மண் எடுக்க வேண்டும். நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்துக் கிணறுகளைச் சோதிக்க வேண்டும். இங்கே கிடந்த டைகுளோரோபென்சீன் போன்ற திரவங்கள் தண்ணீரைவிடக் கனமானவை. மேலே மிதக்காமல் களிமண் வெடிப்புகளில் இறங்கிப் போய், தடை வரும் இடத்தில் தேங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நீரில் கரையும். மேல்மண்ணை மட்டும் வாரிப் பார்த்தவர் கண்ணில் இது படாது.

அந்த நேரத்தில் தண்ணீரில் ஏதோ நெடி அடிக்கிறது என்று அடிபம்பு அடித்த பெண்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாகபுரியிலுள்ள நீரி (தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சிக் கழகம்) 1990ல் குளங்களின் கசிவால் கேடில்லை என்றது. அதற்கு ஓராண்டு முன்பே, ஆலைக்குள் எடுத்த மாதிரிகளைக் கம்பெனியே சோதித்தபோது மீன்கள் அத்தனையும் செத்திருந்தன. இந்தக் காகிதமும் அமெரிக்க வழக்கில்தான் வெளியே வந்தது. ஆலைக்குள் மண் கெட்டிருக்கிறது, வெளியே தண்ணீருக்கு ஆபத்தில்லை என்றது நீரியின் 1997ஆம் ஆண்டு அறிக்கை. 1998ல் குத்தகை முடித்து நிலம் மத்தியப் பிரதேச அரசிடம் வந்தது. மறு ஆண்டே மண்ணில் பாதரசமும் கிணறுகளில் குளோரின் கலந்த ரசாயனங்களும் இருப்பதாக கிரீன்பீஸ் அறிவித்தது. நிலம் அதேதான். எங்கே, எவ்வளவு ஆழத்தில் தோண்டினார்கள் என்பதுதான் மாறியது.

2009 செப்டம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் ஆலைக்குள் வந்தார். கழிவை வெறும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, தனக்கு இருமல்கூட வரவில்லை என்றார். படித்தவர், நல்ல அமைச்சர் என்று பெயரெடுத்தவர். ஆனால் அன்று செய்தது தவறான சோதனை. கையில் பிடித்தவுடன் கொல்லும் விஷம் ஒன்று. தினமும் குடத்தில் கொஞ்சமாகப் பத்து, இருபது வருடம் உள்ளே போகும் விஷம் வேறொன்று. பின்னதைக் கை உணராது.

கடைசியில் பூமிக்குள் பார்த்தார்கள். நீரியும் ஐதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சிக் கழகமும் மண்ணில் மின்சாரம் செலுத்தித் தடையை அளந்து, புதைகுழிகள் இருக்கும் இடங்களைத் தேடின. 2010 அறிக்கை தந்த கணக்கு: கெட்டுப்போன மண் சுமார் 11 லட்சம் டன்.

இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு 2025 ஜனவரிக்கு வர வேண்டும். உயர் நீதிமன்றம் கெடு விதித்த பிறகு, ஆலைக் கொட்டகையில் மூட்டைகளாகக் கிடந்த 337 டன் கழிவு 12 கன்டெய்னர்களில் ஏறியது. வழியெங்கும் போக்குவரத்தை நிறுத்தி, போலீஸ் காவலோடு, சுமார் 250 கிலோமீட்டர் தள்ளி பீதம்பூருக்குப் போனது. எங்கள் ஊரில் எரிக்காதே என்று பீதம்பூர் கொதித்தது. இருவர் தீக்குளிக்க முயன்றார்கள். ஜூன் இறுதிக்குள் எரித்து முடித்தார்கள். சுண்ணாம்பு சேர்த்து எரித்ததால், விழுந்த சாம்பலின் எடை எரித்த கழிவின் எடையைவிட அதிகம். போபாலின் விஷம் ஒழிந்தது என்று தலைப்புகள் வந்தன. லாரி ஏறிய ஒவ்வொரு டன்னுக்கும் 3,200 டன்னுக்கு மேல் மண்ணிலேயே இருக்கிறது என்ற கணக்கு அந்தத் தலைப்புகளில் இல்லை.

சுற்றியுள்ள 14 பஸ்திகளுக்குச் சுத்தமான தண்ணீர் தர உச்ச நீதிமன்றம் 2004ல் உத்தரவிட்டது. 2018ல் லக்னோ நச்சியல் ஆராய்ச்சிக் கழகம் சோதித்தபோது பாதிக்கப்பட்ட குடியிருப்புகள் 42 ஆகியிருந்தன. தண்ணீர் நகர்ந்துகொண்டுதான் இருந்தது.

குளங்கள் இருந்த இடத்துக்கு ஆரிஃப் நகர் தாண்டி நடந்தே போகலாம். 1990களின் நடுவில் இரண்டு குளங்களின் சேற்றை அள்ளி மூன்றாவதில் கொட்டி, மேலே மண் போட்டு மூடினார்கள். மழைக்காலத்தில் பள்ளங்களில் தண்ணீர் நிற்கிறது, எருமைகள் இறங்குகின்றன. கரையில் கறுப்புப் பிளாஸ்டிக் நாக்கு நீட்டுகிறது. குடியிருப்புகளுக்குள் அடிபம்புகளில் அரசு அடித்த சிவப்புப் பெயின்ட்: இந்தத் தண்ணீர் குடிப்பதற்கு ஏற்றதல்ல. குழாய்த் தண்ணீர் வந்த பிறகும், அது வராத நாட்களில் துணி துவைக்க அந்தச் சிவப்புப் பம்பைத்தான் அடித்தார்கள்.