வல்லிபுரத்து மணலில் ஒரு காலை

"பள்ளிக்குப் போய் எட்டு மாதமாச்சு, அண்ணை. பிள்ளை இன்னும் கொப்பியிலை ஒரு எழுத்தும் எழுதேல்லை. மண்ணளைஞ்சுபோட்டு வருகுது. நீங்கள் ஒருக்கால் வந்து ரீச்சரோடை கதையுங்கோ."

துன்னாலையிலுள்ள என் தங்கை தொலைபேசியில் இவ்வாறு குறைப்பட்டாள். கல்லூரி ஆசிரியன் சொன்னால் முன்பள்ளி ஆசிரியை கேட்பார் என்பது அவள் எண்ணம். என் எண்ணமும் ஏறக்குறைய அதுவே. மருமகனுக்கென இரட்டைக்கோட்டுக் கொப்பி ஒன்றையும் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வடமராட்சிக்குச் செல்வோர் மண்ணின் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே செல்லலாம். நீர்வேலியில் செம்மண்ணும் வாழைத் தோட்டங்களும். வல்லை வெளியில் உப்புக்காற்றும் வெறுமையும். வல்லிபுரத்தை அணுகினாலோ கால் புதையும் வெண்மணல். ஆழ்வாரை வணங்கிவிட்டு நடந்தேன். 1936ஆம் ஆண்டளவில் அறிஞர் உலகம் அறிந்த பொன்னேடு, பிராமி எழுத்துப் பொறித்தது, இவ்வூரில் கிடைத்ததே. எழுத்துக்கும் இம்மணலுக்கும் உறவு பழையதுதான்.

முன்பள்ளி என்பது அரைச்சுவர் எழுப்பிய ஓட்டு மண்டபம் ஒன்று. உள்ளே இருபது பிள்ளைகள் இருக்கலாம். ஒரு மூலையில் மூவர் மஞ்சாடி விதைகளையும் புளியங்கொட்டைகளையும் சுளகில் கொட்டிப் பிரித்தனர். இன்னொரு பக்கம் மூதாட்டி ஒருவர் குருத்தோலை கீறிக் கொடுக்க, சிறுமியர் காற்றாடி செய்தனர். நடுவே மரத்தட்டுகளில் சலித்த மணல். அதில் ஒரு சிறுமி சுட்டுவிரலால் அகரம் வரைந்து, வளைவு பிழைத்ததும் தட்டை அசைத்தாள். பிழை மறைந்தது. கொப்பியில் சிவப்பு மையால் பிழை சுழிப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அது சற்றுப் பொறாமையாகவே இருந்தது.

என் மருமகனோ என்னைக் கவனிக்கவேயில்லை. அவன் முன்னே ஒரு கொத்தும் ஒரு சுண்டும் மணற்குவியலும். சுண்டால் அள்ளிக் கொத்தில் கொட்டினான். பாதி வெளியே சிந்தியது. "அஞ்சு!" என்றான். ஆசிரியை மறுக்கவில்லை. "சிந்தாமல் ஒருக்கால் அளந்து பாரப்பன்" என்றார், அவ்வளவுதான். நாக்கைக் கடித்துக்கொண்டு அவன் மீண்டும் அளந்தான். நான்காவது சுண்டில் கொத்து நிறைந்தது. சற்று நேரம் அதையே பார்த்திருந்துவிட்டு, முழுவதையும் கவிழ்த்து மறுபடியும் தொடங்கினான். இருபது ஆண்டுகளாக அளவைகளைக் கரும்பலகையில் எழுதி ஒப்புவிக்கச் செய்பவன் நான்; எட்டாந் தரத்திலும் அவற்றைப் பிழைவிடும் மாணவர் எனக்கு உளர்.

மணலில் எழுதுவது நம் திண்ணைப் பள்ளிகளின் வழக்கமே. 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதியை நடத்திய ஸ்கொத்லாந்துக்காரர் அன்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் இவ்வாறு எழுதக் கண்டு அம்முறையைத் தம் விடுதியிலும் புகுத்தினார். 1797இல் இலண்டனில் அதுபற்றி நூலும் வெளியிட்டார். 1907இல் உரோமாபுரியில் சிறுவர் இல்லம் தொடங்கிய மரியா மொன்ரிசோரி அம்மையார், சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பழகச் செய்தார். அவர் 1939இல் சென்னை அடையாற்றுக்கும் 1944இல் இலங்கைக்கும் வந்தவர். இன்று "மொன்ரிசோரி" என்று பலகை மாட்டிய இடங்களிலும் மூன்று வயதுப் பிள்ளைக்குப் பென்சிலையும் கொப்பியையும் திணிக்கக் காண்கிறோம்!

கொப்பிப் பேச்சை நான் எடுக்குமுன் ஆசிரியையே தொடங்கினார். சென்ற ஆண்டு நான்கு பிள்ளைகளைப் பெற்றோர் இடைநடுவில் நிறுத்தி, வீட்டுவேலை கொடுக்கும் வேறிடத்திற்கு மாற்றிவிட்டனராம். "விரல் உறுதிப்படாத பிள்ளை பென்சிலைப் பிடிச்சால் கை நோகும், சேர். பிறகு எழுத்தெண்டாலே வெறுப்பு. ஆனால் அம்மாமாருக்குக் காட்ட என்னட்டை ஒண்டும் இல்லையே. மணலை வீட்டுக்குக் குடுத்துவிட ஏலுமே?" என்றார். என்னிடம் மறுமொழி இல்லை. கொப்பி பையிலேயே கிடந்தது.

மாலையில் தங்கை, "சொன்னனீங்களோ?" என்று கேட்டாள். பிள்ளைக்கு அளக்கத் தெரிகிறது என்றேன்.

"அளந்தால் போதுமே? அடுத்த வருஷம் முதலாந் தரத்திலை பேர் எழுதச் சொன்னால் என்ன செய்யிறது?"

நியாயமான கேள்வி. நானும் வருகிறேன், வெள்ளிக்கிழமை ஒரு மணிநேரம் அங்கே வந்திருந்து பார் என்றேன். அடுப்படியில் அரிசிப் பானைக்குள் சுண்டை வைத்துக்கொண்டு நின்ற மகனைப் பார்த்தபடியே, "பாப்பம்" என்றாள்.