பம்ப் மேல பழி

உங்களிடம் பழைய கார் இருக்கிறதா? பதினைந்து, இருபது வருஷம் ஆனது? அப்படியென்றால் இந்த வாரம் உங்களுக்கு. இல்லாதவர்களும் படிக்கலாம். பக்கத்து வீட்டில் ஒன்று உறை போட்டு நிற்கும்.

பழைய காருக்கு வருகிற விக்கல் ஒரு தனி ரகம். காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். தெருவுக்குள் சமர்த்தாக ஓடும். ஃப்ளைஓவர் ஏற ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் திக்கும், திணறும். முக்கால் மணி நேரம் ஓடியபின் சரியாக சிக்னலில் நின்றுபோகும். பின்னால் பஸ் ஹாரன். ஓரமாகத் தள்ளி, பத்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும்.

என்னுடையது 1997 மாடல் மாருதி 800. இந்த விக்கலுக்கு எல்லோரும் சொன்ன தீர்ப்பு ஒன்றுதான்: “பெட்ரோல் பம்ப் போச்சு சார், மாத்திடுங்க.” ஒரு ஒர்க்‌ஷாப்பில் மாற்றினார்கள். பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் அதே விக்கல். “புது பம்ப்பும் சரியில்லை போல” என்றார்கள். வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர்.

அவர் முதலில் ஆயில் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பார்த்தார். ஏன் தெரியுமா? கார்புரேட்டர் மாருதியில் பம்ப் என்ஜினோடு ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே டயாஃப்ரம் என்று ஒரு மெல்லிய சவ்வு. கேம்ஷாஃப்ட் தள்ளத் தள்ள அது ஏறி இறங்கி, டேங்க்கிலிருந்து பெட்ரோலை இழுத்து கார்புரேட்டருக்கு அனுப்பும். சவ்வு கிழிந்தால் பெட்ரோல் என்ஜின் ஆயிலில் இறங்கிவிடும். ஆயிலில் பெட்ரோல் வாடை அடிக்கும், அளவும் கூடும். எங்கள் வண்டியில் வாடை இல்லை.

அடுத்து, கார்புரேட்டருக்குப் போகிற டியூபைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு செல்ஃப் அடித்தார். மூக்கு ஒழுகுகிற மாதிரி வந்தது. பிறகு பம்ப் உறிஞ்சுகிற பக்கத்து டியூபை டேங்க் லைனிலிருந்து பிரித்து, சுத்தமான பெட்ரோல் கேனில் போட்டு மறுபடி அடித்தார். பீச்சிக்கொண்டு வந்தது.

“பம்ப் நல்லா இருக்கு சார். அதுக்கு சாப்பாடுதான் வரலை.”

டிக்கியில் கிடந்த பழைய பம்ப்பையும் பிளந்து காட்டினார். அது நிஜமாகவே செத்துத்தான் போயிருந்தது. வால்வு இடுக்கில் பொடிப்பொடியாகத் துரு. வால்வு முழுசாக மூடாவிட்டால் இழுத்த பெட்ரோல் வந்த வழியே திரும்பிவிடும். பம்ப்பை மாற்றியது சரி. அதைக் கொன்றவன் டேங்க்குக்குள் உட்கார்ந்திருந்தான்.

டேங்க்கை இறக்கினார்கள். அடியில் இருந்து வந்தது டீ கலரில் ஒரு திரவம், துருத் தூள், கொஞ்சம் தண்ணீர். உறிஞ்சும் குழாய் முனையில் இருக்கிற வலை அடைத்துக் கிடந்தது. பத்து நிமிஷ மர்மமும் விளங்கியது. ஓடும்போது பம்ப் இழுக்கிற இழுப்பில் கசடு வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். நிறுத்தினால் இழுப்பு நின்று, உதிர்ந்துவிடும். வழி திறக்கும்.

நான் பி.காம். படித்தவன். கணக்கில் சஸ்பென்ஸ் அக்கவுன்ட் என்று ஒன்று உண்டு. டேலி ஆகாத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். கார் டேங்க் ஒரு சஸ்பென்ஸ் அக்கவுன்ட். வருஷக்கணக்கில் சேர்ந்தது ஒருநாள் மொத்தமாக வரும். பம்ப்பை மட்டும் மாற்றுவது, தப்புக் கணக்கைப் புது நோட்டில் எழுதுகிற மாதிரி.

இப்போது இன்னொரு சங்கதியும் சேர்ந்திருக்கிறது. 2022-ல் நம் பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதத்தைத் தொட்டது. 2023-ல் 20 சதவீதக் கலவை பங்க்குகளுக்கு வர ஆரம்பித்து, 2025-க்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அதிகமானால் அதோடு சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். பழைய கசடைக் கிளப்பிவிடும். அந்தக் காலத்து ரப்பர் டியூபையும் டயாஃப்ரத்தையும் சீக்கிரம் கெடுக்கும். எனவே டேங்க்கைக் கழுவும்போதே டியூப், ஃபில்டர் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

இனி வருவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

டேங்க்கைக் காலி செய்ய, ஒர்க்‌ஷாப் பையன் டியூபை வாயில் வைத்தான். மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடிவந்து பிடுங்கினார். “எத்தனை தடவைடா சொல்றது?” பெட்ரோல் ஒரு மடக்கு வயிற்றுக்குள் போவதைவிட, புரையேறி நுரையீரலுக்குள் போவது பெரிய ஆபத்து. கொஞ்சம் போனாலே நுரையீரல் வெந்துபோய் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதுதான். அப்படி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. மேலே வரும்போது மறுபடி புரையேறும்.

டேங்க்கில் ஊசி முனை அளவுக்கு ஓர் ஓட்டையும் இருந்தது. “காலி டேங்க்தானே, ஒரு வெல்டிங் வெச்சிடலாம்ணே” என்றான் பையன். காலி டேங்க்தான் பயங்கரம். எரிவது பெட்ரோல் இல்லை, அதன் ஆவி. காற்றில் அது சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். நிறைந்த டேங்க்கில் அதற்கு இடமில்லை. ஊற்றிக் கவிழ்த்த டேங்க்கில் தாராளமாக இடம் உண்டு. அந்த ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தவழ்ந்துபோய் எங்கோ எரிகிற பீடியைத் தேடிப் பிடிக்கும்.

மெக்கானிக் வெல்டிங் வைக்கவில்லை. “டேங்க் கிடைக்கும்டா, நீ கிடைப்பியா?” என்றார். நல்ல பழைய டேங்க் ஒன்று தேடி வாங்கினோம். அதையும் திறந்தவெளியில், பேட்டரியைக் கழற்றிவைத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் பலமுறை கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே மாட்டினார். இரண்டு நாள் ஆனது. விக்கல் நின்றது.

உங்களுக்குச் சொல்ல விரும்புவது இரண்டே விஷயம். யாராவது “பம்ப் போச்சு சார்” என்றால், “டேங்க்கைப் பாத்தீங்களா?” என்று கேளுங்கள். அங்கே ஒரு பையன் டியூபை வாயில் வைத்தால், “வேண்டாம் தம்பி, கைப்பம்ப்பு கொண்டா” என்று சொல்லுங்கள். வண்டி கைக்கு வர அரை மணி தாமதமாகும். ஆகட்டுமே.