அன்னத்தின் அலகு

நவம்பர் 3, திங்கள்

மூன்றாவது நாளாக மழை விடவில்லை. தறிக்குழியில் ஓதம் ஏறிவிட்டது. அப்பா காலையில் எழுந்ததும் குழி ஓரம் உட்கார்ந்து, பாவின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டார். ஈரக்காற்றில் பட்டிழை ஒன்றோடொன்று ஒட்டும். பிடிவாதமாக ஓட்டினால் அச்சில் உரசி அறும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எந்த வீட்டிலும் இன்று தறிச் சத்தம் இல்லை. மற்ற நாளில் விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டியிருப்பார்கள், சைக்கிள்காரர்கள் ஒதுங்கிப் போவார்கள். இன்று தெருவில் தண்ணீர் மட்டும் ஓடுகிறது.

எனக்கு மழை தடையில்லை. நான் டிசைன் போடுகிறவன். முன்பு கிராஃப் தாளில் பென்சிலால் கட்டம் கட்டமாக நிரப்புவேன், இப்போது கம்ப்யூட்டரில். இருந்தாலும் தறி நின்ற வீட்டில் தனியாக வேலை செய்ய மனம் வருவதில்லை. கல்லூரிக்கு விடுமுறை விட்டதால் அக்கா மகள் வந்திருக்கிறாள். கோடை விடுமுறையில் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தையும் படித்து முடித்தவள். “மாமா, படத்தை மறுபடி பார்க்கணும். கதை தெரியாம பார்த்தது ஒண்ணும் மனசுல நிக்கல” என்றாள். மணிரத்னத்தின் இரண்டு பாகத்தையும், 2022-இல் வந்ததையும் 2023-இல் வந்ததையும், ஒரே நாளில் பார்த்தோம். நடுவில் அம்மா சுட்ட வெங்காய பஜ்ஜி.

முடிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: “மணிமேகலை எங்கே மாமா?”

கடம்பூர் மாளிகையில் கந்தமாறனின் தங்கை. வந்தியத்தேவன் மேல் உயிரையே வைத்திருந்தவள். கல்கி அத்தனை பெரிய கதையை முடிப்பதே அவளுடைய மரணத்தில்தான். கடைசி அத்தியாயத்தின் பெயரே ‘மலர் உதிர்ந்தது’. படத்தில் அவள் பிறக்கவே இல்லை. “கடைசிப் பக்கத்தையே கிழிச்சிட்டாங்க” என்று அக்கா மகள் கண் கலங்கினாள். 18 வயதில் ஒரு நாவலைப் படித்து முடிப்பது நெருங்கிய ஒருத்தியை வழியனுப்புவது போலத்தான்.

நவம்பர் 4, செவ்வாய்

இரவெல்லாம் அந்தக் கேள்வி கூடவே இருந்தது.

கல்கி 1950 முதல் 1954 வரை வாரா வாரம் எழுதியதை ஐந்தரை மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டுமென்றால் வெட்டித்தான் ஆகவேண்டும். மணிரத்னத்தோடு திரைக்கதையில் உட்கார்ந்த ஜெயமோகனும் இளங்கோ குமரவேலும் புத்தகத்தை அறியாதவர்கள் இல்லை. இளங்கோ குமரவேல் 1999-லேயே மேஜிக் லாண்டர்ன் குழுவுக்காக இதே நாவலை மேடைக்கு ஏற்றபடி எழுதியவர். வெட்டியதற்காக மட்டும் எனக்குக் கோபம் வராது. எதை வெட்டினார்கள் என்பதுதான் என் கேள்வி.

என் தொழிலில் இதை ஒருநாள் நேராகவே கற்றுக்கொண்டேன். வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்துக்கு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய், தூணில் பார்த்த ஒரு அன்னத்தை வரைந்து வந்தேன். தோகை சுருள் சுருளாகக் கொடிபோல் இறங்கி வரும், அலகில் ஒரு தாமரைத்தண்டு. பார்டரில் அதற்குக் கிடைத்த இடம் 60 இழை. தறிக்கு வளைகோடு தெரியாது, எல்லாமே படிக்கட்டுதான். ஒவ்வொரு வளைவையும் இழைக் கணக்கில் ஏறி இறங்கும் கட்டங்களாக மாற்ற வேண்டும். தோகை அழகாக இருந்ததால் அதற்கு இடம் ஒதுக்கினேன். மிச்ச இடத்தில் கழுத்தைக் குறுக்கி, தண்டை எடுத்துவிட்டு, அலகை இரண்டு கட்டத்தில் முடித்தேன். அட்டை அடித்துத் தறியில் ஏற்றி, அரை முழம் நெய்ததும் அந்த வீட்டுப் பெரியவர் கூப்பிட்டு அனுப்பினார். துணியைத் திருப்பிக் காட்டி, “இது என்ன பறவை தம்பி?” என்று கேட்டார். கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

திரும்பவும் வரைந்தேன். தோகையை மூன்றே இறகாக்கினேன். கழுத்தை நீட்டி, அலகுக்கு ஏழு கட்டம், தண்டுக்கு நான்கு. தூணில் இருப்பதில் பாதிகூட அதில் இல்லை. ஆனால் பார்த்தவர்கள் எல்லோரும் அன்னம் என்றார்கள்.

அப்படிப் பார்த்தால் மணிமேகலை தோகை. அவளை இழந்தது வலிக்கிறது, ஆனாலும் கதை நிற்கிறது. எனக்குப் பொறுக்காதது வேறு. சேந்தன் அமுதன், பூக்குடலை தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போகிற பையன். அவன்தான் உண்மையான மதுராந்தகன் என்று கல்கி வெளிப்படுத்தி, அருள்மொழிவர்மன் தனக்கு வந்த மகுடத்தை அவன் தலையில் வைப்பார். ‘தியாக சிகரம்’ என்று ஐந்தாம் பாகத்துக்குப் பெயர் வைத்ததே அந்தக் கணத்துக்காக. படத்தில் சேந்தன் அமுதன் வருகிறான், போகிறான், அவ்வளவுதான். மகுடம் அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகனுக்கே போகிறது. அரியணைக்கு அலைந்தவனுக்கே அரியணை என்றால் அந்தத் தியாகத்தின் நிறமே வேறாகிவிடாதா? அலகு அங்கேதான் இருந்தது என்று நினைக்கிறேன்.

அக்கா மகளிடம் சொன்னேன். “உங்களுக்கு அலகு, எனக்கு மணிமேகலை” என்று சொல்லிவிட்டாள். அதுவும் நியாயம்தான்.

நவம்பர் 6, வியாழன்

மதியம் கொஞ்சம் வெளிவாங்கியது. இருவரும் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போனோம். சுற்று மண்டபத்தின் சிங்கத்தூண்களுக்குப் பின்னால் சுவர் நெடுக இரண்டு வரிசையாகப் பல்லவர் கதை. பிரம்மாவில் தொடங்கி, கோயிலைக் கட்டிய நந்திவர்மப் பல்லவமல்லன் வரைக்கும். 8-ஆம் நூற்றாண்டில் கல்லில் ஓட்டிய படச்சுருள் என்று அவளிடம் சொன்னேன். இந்தச் சிற்பங்களைக் காட்சி காட்சியாகப் படித்து எழுதியவர் சி. மீனாட்சி, அந்தப் புத்தகம் 1941-இல் வந்தது. அந்த நாளில் ஒரு பெண் தனியாக இந்தச் சுவர் முன் நின்று குறிப்பெடுத்திருப்பாள் என்று நினைத்தாலே எனக்கு மரியாதை வருகிறது.

இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசில்லாமல் இறந்தபின், மக்களும் கடிகை என்ற கல்விச்சாலையைச் சேர்ந்தவர்களும் இரணியவர்மனிடம் போய் ஒரு மகனைக் கேட்கிறார்கள். நான்கு மகன்களில் மூத்தவர்கள் மூவரும் மறுக்கிறார்கள், 12 வயதுப் பல்லவமல்லன் மட்டும் போகிறேன் என்கிறான். சிற்பத்தின் கீழே இருக்கும் கல்வெட்டு இதைச் சொல்கிறது. தன் கோயிலில், தன் செலவில், தன் பெருமையைச் சொல்ல வைத்த அரசன், தான் முதல் தேர்வு இல்லை என்பதை அழிக்கவில்லை. தூறல் மறுபடி பிடித்துக்கொண்டது, அந்தச் சுவர் ஓரத்திலேயே நின்றோம்.

கல்கியும் கல்லைப் படித்தவர். காட்டுமன்னார்கோயிலில் உடையார்குடிக் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் பெயர்களைச் சொல்கிறது. எப்படி, எதற்காக என்று சொல்லவில்லை. ஆயிரம் பக்கங்களுக்கு மேல் கற்பனையைப் பறக்கவிட்டவர், அந்த ஒரு இடத்தில் விளக்கை அணைத்துவிடுகிறார். கரிகாலன் மேல் பாய்ந்தது யார் கை என்று வாசகன் இன்றும் சண்டை போடலாம். கல் பேசாத இடத்தில் அவரும் வாயை மூடிக்கொண்டார். படத்தில் கரிகாலனும் நந்தினியும் நேருக்கு நேர் நிற்கிறார்கள், கத்தி எப்படிப் பாய்கிறது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. காட்சி அபாரம், விக்ரமையும் ஐஸ்வர்யா ராயையும் பார்த்துத் தொண்டை அடைத்தது. ஆனாலும் அந்த இருட்டு இருந்திருக்கலாம்.

நவம்பர் 8, சனி

மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’. எத்தனையாவது தடவை என்று எண்ணவில்லை. அவளுக்கு இதுதான் முதல் தடவை.

காரைக்குடியில் கல்லூரி மாணவராக மேடையில் பேசி எம்.ஜி.ஆரின் பாராட்டைப் பெற்றவர் மகேந்திரன். பிறகு சென்னைக்கு வந்ததும் எம்.ஜி.ஆர் அவருக்குக் கொடுத்த வேலை, ‘பொன்னியின் செல்வ’னுக்குத் திரைக்கதை எழுதுவது. அந்தப் படம் வரவில்லை. ஒரு பெரிய நாவலைக் காட்சிகளாகப் பிரித்துப் பழகிய அந்த இளைஞர்தான் பின்னால் உமாசந்திரனின் ‘முள்ளும் மலரும்’ நாவலையும், 1979-இல் ‘உதிரிப்பூக்க’ளுக்காகப் புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யையும் கையில் எடுத்தார்.

படம் முடிந்ததும் ‘சிற்றன்னை’யை எடுத்துக் கொடுத்தேன். ராத்திரி பதினோரு மணிக்கு அவள் ஆச்சரியத்தோடு வந்து நின்றாள். “மாமா, இது வேற கதை!” ஆமாம், கதையில் இருக்கும் தகப்பன் வேறு, படத்தில் விஜயன் நடித்த சுந்தரவடிவேலு வேறு. ஊரும் ஆற்றங்கரையும் முடிவும் மகேந்திரனுடையவை. புத்தகத்திலிருந்து அவர் எடுத்து வந்தது அந்தக் குழந்தைகளை. பெரியவர்களின் உலகம் தங்கள் தலைமேல் சரிகிறபோது ஒன்றும் புரியாமல் நிற்கும் இரண்டு குழந்தைகள். கடைசிக் காட்சியில் கரையில் நிற்கும் அந்த இரண்டு பேரைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால், அதே குழந்தைகள். 60 இழைக்குள் அலகு வந்துவிட்டது.

இத்தனை மாற்றியும் புதுமைப்பித்தன் பெயரை டைட்டிலில் போட்டார். சொந்தக் கதை என்றே சொல்லியிருக்கலாம், கேட்டிருக்க யாருமில்லை. புதுமைப்பித்தன் அப்போது இறந்து 31 வருடம். சினிமாவை நம்பி வந்தவர் அவர். ‘ராஜமுக்தி’க்கு வசனம் எழுதப் புனே போனவர், காச நோயோடு திரும்பி 1948-இல் திருவனந்தபுரத்தில் கண்ணை மூடினார். அவர் உயிரோடு இருந்தபோது சினிமா அவருக்குச் செய்யாததை மகேந்திரன் ஒரு டைட்டில் கார்டில் செய்தார். அந்தப் பெயர் திரையில் வரும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

நவம்பர் 9, ஞாயிறு

அறிஞர் அண்ணாவின் வீட்டு வழியாக வந்தேன். இந்த ஊரில் பிறந்து சினிமாவுக்கு எழுதப் போனவர். தன் நாடகமான ‘வேலைக்காரி’யை 1949-இல் திரைக்கும் தானே எழுதினார், அவருடைய ‘ரங்கோன் ராதா’ நாவலை 1956-இல் திரைக்கதையாக்கியவர் கலைஞர். எழுதியவரே வெட்டினால் யாரும் குறை சொல்ல முடியாது. நண்பரின் கதையை, அதுவும் தலைவரின் கதையை வெட்டும்போது கை எப்படி நடுங்கியிருக்கும்!

நவம்பர் 11, செவ்வாய்

இன்று அப்பாவும் உட்கார்ந்தார். ‘காஞ்சிவரம்’.

இத்தனை வருடமாக அவர் பார்க்கவில்லை. பிரியதர்ஷன் எடுத்து, 2007-க்கான தேசிய விருதில் சிறந்த படம் என்றும், பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகர் என்றும் வாங்கிய படம். ஊரில் அப்போது எல்லோரும் பேசினார்கள். “நம்ம கதைதானே, எனக்குத் தெரியாதா” என்று அப்பா ஒதுங்கிவிட்டார். இன்று மழை அவரை உட்கார வைத்தது.

1948-இல் சிறையிலிருந்து இரண்டு நாள் விடுப்பில் ஊருக்கு வரும் வேங்கடம் என்ற நெசவாளி. மகள் பிறந்தபோது, பட்டுப்புடவை கட்டித்தான் இவளைக் கல்யாணம் பண்ணிக் கொடுப்பேன் என்று சொன்னவன். பிறருக்காகப் பட்டு நெய்தே வாழ்நாள் போகிறது, சொந்த மகளுக்கு ஒரு முழம் வாங்க வழியில்லை. தினமும் வேலை முடிந்து போகும்போது கொஞ்சம் பட்டிழையை வாயில் ஒளித்துக் கொண்டுவந்து, வீட்டில் ரகசியமாக நெய்கிறான்.

அப்பா பிரகாஷ்ராஜின் முகத்தைப் பார்க்கவில்லை. நாடா போய் வரும் இடத்தில் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் இழையை வைக்கும் காட்சி வந்ததும் அம்மா, “பட்டை எடை போட்டுத்தானே கொடுப்பாங்க, குறைஞ்சா தெரியாதா?” என்றாள். அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “கழிவுன்னு கொஞ்சம் விடுவாங்க. அதுக்குள்ள எடுத்திருப்பான்” என்றார். வேங்கடத்துக்காக அவர் கணக்குச் சொன்னது எனக்கு என்னவோ செய்தது.

கடைசிக் காட்சி. பாதி நெய்த அந்தப் புடவையை இறந்த மகள் மேல் போர்த்துகிறான். முகத்தை மூடினால் கால் தெரிகிறது, காலுக்கு இழுத்தால் முகம் தெரிகிறது. மேலும் கீழும் இழுத்துக்கொண்டே இருக்கிறான்.

அக்கா மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இது எந்த நாவல் மாமா?” என்று கேட்டாள். நாவல் இல்லை என்றேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது. இந்தப் படத்தின் மூலம் எங்கள் தெரு. கல்கிக்காகச் சண்டை போட லட்சம் வாசகர்கள் இருக்கிறார்கள், புதுமைப்பித்தனுக்குப் புத்தகம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். பக்கமே இல்லாத இந்த மனிதர்களின் கதையை எடுக்கிறவனைத் திருத்த யார் இருக்கிறார்கள்? அவன் என்ன காட்டினானோ அதுதான் காஞ்சிபுரம் என்று டொரண்டோவில் உட்கார்ந்து பார்த்தவர் நம்புவார். அப்பா மாதிரி ஒருவர் என்றாவது மழைநாளில் உட்கார்ந்து பார்ப்பார் என்பதை நினைத்து எழுதினால்தான் உண்டு.

“எப்படிப்பா இருந்துச்சு?” என்று கேட்டேன்.

உடனே சொல்லவில்லை. கைவிரலை அகட்டி, முழங்கை வரை காற்றில் அளந்தார்.

“அந்தத் துணி ரெண்டு முழம், மிஞ்சினா ரெண்டரை முழம். வாயில கொண்டுவந்த இழைக்கு அவ்வளவுதான் வரும். சரியாத்தான் காட்டியிருக்கான்.”

கொஞ்ச நேரம் கழித்து, “என் கல்யாணத்துக்கு நான் கட்டினது பருத்தி வேட்டி. உங்க அம்மாவுக்கு மட்டும் பட்டு. அது எங்க அப்பா நெய்தது. கடனைத் தீர்க்க மூணு வருஷம் ஆச்சு” என்றார். இதை அவர் எங்களிடம் சொன்னதே இல்லை. அம்மா எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே வரவில்லை.

ராத்திரி ஒன்பது மணிக்கு மழை சுத்தமாக நின்றுவிட்டது. அப்பா குழி ஓரம் போய் உட்கார்ந்து, மறுபடி பாவின் மேல் புறங்கையை வைத்தார்.

“நாளைக்கு மத்தியானத்துக்கு மேல ஓட்டலாம்” என்றார்.