எந்தக் கன்னத்தில் காற்று அடித்தது?

திருச்செந்தூருக்கு மேற்கே காயாமொழி, பரமன்குறிச்சிப் பக்கம் போயிருப்பவர்கள் அந்தச் சிவப்பு மணலைப் பார்த்திருப்பீர்கள். தேரிக்காடு. காற்று கொண்டுவந்து குவித்த மணல் அது. மணல் துகள்மேல் இரும்பு துருவாகப் படிந்திருப்பதால் அந்த நிறம். பனை, உடை, வனத்துறை நட்ட கொல்லாமரம், நடுநடுவே வெறும் மணல்மேடு. இருக்கிற தேரிகளில் குதிரைமொழித் தேரி பெரியது. சாலையில் நின்று பார்க்கிறவர்களுக்கு ஒரு நடை நடந்தால் தாண்டிவிடலாம் போலத்தான் இருக்கும். உள்ளே போய் இரண்டு மேடு தாண்டுங்கள், நாலு பக்கமும் ஒரே மாதிரி தெரியும்.

முப்பது வருஷத்துக்கு முன்பு, வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் இந்தத் தேரிக்குள் வழி தவறினேன். அதை வெளியில் சொல்ல எனக்கு நெடுநாள் கூச்சம். வேளாண்மைப் பட்டம் படித்தவன், வானிலைப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவன். ஆனால் இன்று இரவில் மடை திருப்பப் போகிறவர்களும், ஆடு தேடிக் காட்டுக்குள் போகிறவர்களும் கையில் அலைபேசி இருக்கிற தைரியத்தில்தான் இறங்குகிறார்கள். அதனால் இதைச் சொல்லிவிடுவது நல்லது.

ஆனி மாத உச்சி வெயில்

தேரியின் தென்புறம் ஒரு முருங்கைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டேன். பஸ்ஸுக்கு வடக்கே இருக்கிற சாலைக்குப் போக வேண்டும். “தேரிக்குள்ள நேரா வடக்க நடந்தா 3 கிலோமீட்டர்தான் சார்” என்றார் தோட்டக்காரர். ஒரு பாட்டில் தண்ணீரோடு இறங்கினேன்.

மணல்மேட்டை நேராக ஏற முடியாது, கால் புதையும். சுற்றிச் சுற்றிப் போனதில் அரை மணி நேரத்தில் திசை மறந்துபோயிற்று. கடிகாரத்தைப் பார்த்தேன், 12.20. உச்சிப்பொழுதில் நிழல் வடக்கே விழும் என்று பள்ளியில் படித்தது ஞாபகம் வந்தது. என் காலடியில் ஒன்றரை அடி நீளத்துக்கு நிழல் கிடந்தது. அது காட்டிய பக்கமே நடந்தேன். நாற்பது நிமிடம் நடந்திருப்பேன். தண்ணீர் தீர்ந்தது. செருப்பைத் தாண்டி மணல் சுட்டது. தலை கிறுகிறுத்தபோது பனைகளுக்கு நடுவே புகை தெரிந்தது.

அது ஒரு பனையேறியின் விடிலி. அவர் மனைவி பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். பெரியவர் என்னை நிழலில் உட்காரவைத்து, மிச்சமிருந்த பதநீரைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“எங்க போறிய?”

“வடக்கே, மெயின் ரோட்டுக்கு அண்ணாச்சி.”

அவர் மனைவி சிரித்துவிட்டார். “நீங்க தெக்க வந்திருக்கிய. முருங்கத் தோட்டம் அந்தா, அந்த மேட்டுக்கு அங்கிட்டுதான்” என்றார் பெரியவர்.

புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறேன்! நிழலைப் பார்த்துத்தானே நடந்தேன் என்று வாதாடினேன்.

“ஆனி மாசம் சூரியன் நமக்கு வடக்கால நிக்கும். நெழலு தெக்க விழும். மார்கழியில வந்து பாருங்க, வடக்க விழும். சரி, நெழலுதான் ஏமாத்திட்டு. நடக்கும்போது காத்து எந்தக் கன்னத்துல அடிச்சிச்சி?”

யோசித்தேன். வலது காதுக்குள் மணல் இருந்தது. “வலது கன்னம்.”

“இது மேக்காத்து அடிக்கிற மாசம். வடக்க போறவனுக்கு இடது கன்னத்துல அடிக்கணும். ஒரு சாட்சி பொய் சொல்லும், ரெண்டு சாட்சியையும் கேட்டிருக்கணும்லா.”

இந்த முப்பது வருஷத்தில் நான் கலந்துகொண்ட பயிற்சி வகுப்புகளில் பலவற்றை மறந்துவிட்டேன். இதை மறக்கவில்லை.

நிழல் சொல்வது

பெரியவர் சொன்னதன் கணக்கைப் பிறகுதான் சரிபார்த்தேன். திருச்செந்தூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் எட்டரைப் பாகையில் இருக்கிறது. சூரியனோ வடக்கே இருபத்து மூன்றரைப் பாகை வரை போய்த் திரும்புகிறது. ஆகவே ஏப்ரல் இரண்டாம் வாரம் முதல் ஆகஸ்ட் கடைசி வரை அங்கே உச்சிப்பொழுதில் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் நிழல் வடக்கே. ஆனியில் ஆறடி ஆளுக்கு ஒன்றரை அடி நிழல் தெற்கே. மார்கழியில் அதே ஆளுக்கு மூன்றரை அடிக்கு மேல் வடக்கே. சென்னையில் இந்த மாற்றம் ஏப்ரல் 24 வாக்கில் தொடங்கி ஆகஸ்ட் 18 வாக்கில் முடியும். மாற்றம் நடக்கும் அந்த இரு நாட்களிலும் உச்சியில் நிழலே விழாது. என் பள்ளிப் பாடம் குளிர் நாட்டுக்குச் சரி, நம் ஊருக்கு வருஷத்தில் சில மாதம் தவறு.

எல்லா மாதத்துக்கும் பொருந்துகிற வழி ஒன்று உண்டு. நேரான குச்சி ஒன்றைச் சமதரையில் நட்டு, நிழலின் நுனியில் ஒரு கல் வையுங்கள். கால் மணி நேரம் கழித்து, நகர்ந்திருக்கும் நுனியில் இரண்டாவது கல் வையுங்கள். முதல் கல் மேற்கு, இரண்டாவது கல் கிழக்கு. நடுப்பகலை ஒட்டிச் செய்தால் துல்லியமாக வரும். காலை, மாலையில் சற்றுப் பிசகும். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பது மாதத்துக்கு மாதம் மாறும். அதன் நுனி மேற்கிலிருந்து கிழக்கே நகர்வது மட்டும் மாறாது.

சூரிய உதயமும் அப்படித்தான். சரியான கிழக்கில் உதிப்பது மார்ச் 21, செப்டம்பர் 23 வாக்கில் மட்டும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. ஆனியில் சூரியன் கிழக்கிலிருந்து இரண்டு முஷ்டிக்கு மேல் வடக்கே தள்ளி உதிக்கும், மார்கழியில் அதே அளவு தெற்கே தள்ளி.

காற்றும் மரமும் மணலும்

தென்மேற்குப் பருவத்தில் மலைக் கணவாய்கள் வழியாக வருகிற மேல்காற்று தூத்துக்குடிச் சீமையில் வைகாசி முதல் ஆவணி வரை ஓயாது வீசும். மேட்டின்மேல் தனியாக நிற்கும் உடை மரங்களைப் பாருங்கள். கிளையெல்லாம் கிழக்கே ஒதுங்கியிருக்கும். மணல்மேடும் காற்று வருகிற பக்கம் சரிவாக நீண்டு, காற்று போகிற பக்கம் செங்குத்தாக இறங்கும். மேட்டின் மேல் இருக்கும் சின்னச் சின்ன வரிகள் காற்றுக்குக் குறுக்கே ஓடும்.

ஆனால் வரிகள் சொல்வது நேற்றைய காற்றை. ஐப்பசிக்குப் பிறகு வாடை தொடங்கினால் அவை மாறிவிடும். மரத்தின் சாய்வு சொல்வது பல வருஷக் காற்றை, அது ஒரு பருவத்தில் மாறாது. அதற்காக ஒற்றை மரத்தை நம்பிவிடக் கூடாது. வெட்டுப்பட்ட மரமும் பக்கத்து மரத்தின் நிழலுக்கு ஒதுங்கிய மரமும் வேறு பக்கம் சாயும். பத்து மரம் பார்த்து முடிவு செய்யுங்கள். மரத்தில் பாசி வடக்குப் பக்கம் படரும் என்பதும் குளிர் நாட்டுச் சொல். நம் ஊரில் ஈரம் எந்தப் பக்கம் நிற்கிறதோ அங்கே பாசி படரும்.

ஊருக்கு ஊர் சாட்சிகள் வேறு. பெரிய கோபுரம் கிழக்கே இருக்கும் என்று நினைத்துத் திருச்செந்தூரில் திசை பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். அங்கே கடல் கிழக்கே, உயர்ந்த ராஜகோபுரம் மேற்கே.

இரவில்

துருவ நட்சத்திரத்தைப் பார்த்து வடக்கைக் கண்டுபிடி என்பார்கள். நம் தென்கோடியில் அது அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டி உயரம்கூட இல்லை. ஒரு பனந்தோப்பு போதும் அதை மறைக்க. அதைவிட நல்ல அடையாளம், ஒரே கோட்டில் நெருங்கி நிற்கும் மூன்று நட்சத்திரங்கள், வேட்டைக்காரனின் இடுப்புக் கச்சை என்பார்கள். அவை எந்த மாதத்திலும் நேர் கிழக்கே உதித்து நேர் மேற்கே மறையும். மார்கழியில் பொழுது சாய்ந்ததும் கிழக்கே எழும். சித்திரையில் முன்னிரவிலேயே மேற்கே இறங்கிவிடும். அப்போது தெற்கே பாருங்கள், சிலுவை போல நான்கு நட்சத்திரங்கள் இருக்கும். அது திரிசங்கு. வைகாசித் தொடக்கத்தில் இரவு 9 மணி சுமாருக்கு அது நிமிர்ந்து நிற்கும்போது அதன் அடிப்பக்கம் தெற்கு.

நிலவு தெரியாதவர்கள் நம்மில் யாரும் இல்லை. மூன்றாம் பிறை மாலையில் மேற்கே. பௌர்ணமி நிலவு பொழுது சாயும்போது கிழக்கே. தேய்பிறை அஷ்டமி நிலவு நள்ளிரவு வாக்கில் கிழக்கே. திதி ஞாபகம் இருந்தால் திசையும் கையில் இருக்கும்.

போகும்போதே திரும்பிப் பாருங்கள்

அன்று வெயில் தாழ்ந்த பிறகு பெரியவர் என்னைப் பாதி தூரம் கொண்டுவந்து விட்டார். வழியில் அடிக்கடி நின்று திரும்பிப் பார்த்தார். ஏன் என்று கேட்டேன்.

“போகும்போது மரத்தோட முகத்தப் பாக்கிய. வரும்போது முதுகுதான் தெரியும். முதுகையும் இப்பமே பாத்துக்கிட்டா வழி தவறாது.”

காட்டுக்குள் போகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். அதற்குப் பிறகுதான் மற்றவை. வழி தவறியது தெரிந்தால் உடனே நில்லுங்கள், வேகமாக நடக்காதீர்கள். நிழலில் உட்காருங்கள். தண்ணீரை எண்ணி எண்ணிச் சேமித்து மயங்கி விழ வேண்டாம், தாகம் எடுத்தால் குடியுங்கள். இரண்டு சாட்சியாவது ஒத்துப்போகும்வரை அடி எடுத்து வைக்காதீர்கள். ஒத்துப்போகவில்லை என்றால் வெயில் தாழும்வரை அங்கேயே இருங்கள். மாலையில் மேய்ச்சல் மாடுகள் ஊர்ப்பக்கம் திரும்பும், அவற்றின் பின்னால் போகலாம். எந்த வழியாகப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லாமல் போகாதீர்கள்.

மார்கழியில் மறுபடியும்

சென்ற மார்கழியில், ஓய்வு பெறுவதற்கு முன் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று அதே தேரிக்குள் போனேன். கார்த்திகைக் கடைசியில் நடக்கும் கற்குவேல் அய்யனார் கோவில் கள்ளர் வெட்டுத் திருவிழாக் கூட்டம் கலைந்து, காடு அமைதியாக இருந்தது. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் இளம் அலுவலர் ஒருவரும் உடன் வந்தார். அலைபேசியில் வரைபடம் வைத்திருந்தார். அது எங்களை உள்ளே சரியாகவே கொண்டுபோனது. அதைக் குறை சொல்ல மாட்டேன். படம் எடுத்து எடுத்துச் சார்ஜ் தீர்ந்த பிறகுதான் அவர் என்னைப் பார்த்தார்.

“எது வடக்கும்மா?” என்றேன்.

கொல்லாமரக் குச்சி ஒன்றை நட்டார். கல் வைத்தார். காத்திருந்தோம். இரண்டாவது கல்லை வைத்துவிட்டு, சுற்றி நின்ற உடை மரங்களைப் பார்த்தார். “சார், கல் காட்டுற கிழக்கும் மரம் சாயுற பக்கமும் ஒண்ணா இருக்கு. ஆனா காத்து எதிர்ப்பக்கத்துலேருந்து வருதே?”

“இது வாடை மாசம். மரம் சாய்ந்தது ஆடிக் காற்றில்” என்றேன். அதற்குமேல் அவருக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முன்னால் நடந்து அவரே சாலைக்குக் கூட்டிவந்தார்.

வழியில் அந்த விடிலி இருந்த இடத்தைத் தேடினேன். கரி படிந்த அடுப்புக் கல் இரண்டும் உடைந்த கலயத் துண்டும் மணலில் கிடந்தன. பெரியவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. பிள்ளைகள் யாரும் பனை ஏறவில்லை என்று ஊரில் சொன்னார்கள். பனைகள் நிற்கின்றன, ஆனால் ஒரு பனையிலிருந்து அடுத்த பனைக்குப் போன காலடித் தடங்கள் இல்லை. அன்று அந்தத் தடமும் புகையும் இல்லாவிட்டால் நான் எங்கே விழுந்திருப்பேனோ தெரியாது. இனி அங்கே வழி தவறுகிறவனைக் கூப்பிட்டு உட்காரவைக்க ஆள் இல்லை. அவன் தனக்குத் தெரிந்ததை வைத்துத்தான் வெளியே வர வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்கள் களத்தில் ஒரு குச்சி நட்டு, பிள்ளைகளைக் கொண்டு இரண்டு கல் வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் உச்சி நிழல் எந்தப் பக்கம், எவ்வளவு நீளம் என்று சுவரில் குறித்து வரச் சொல்லுங்கள். ஒரு வருஷத்தில் உங்கள் ஊருக்கான கணக்கு உங்கள் சுவரிலேயே இருக்கும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் இருட்டில் எதைப் பார்த்து வயலுக்குப் போனார்கள் என்று இன்றே கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதி இந்த இதழுக்கு அனுப்புங்கள். நானும் படித்துத் தெரிந்துகொள்கிறேன்.