பத்து விநாடி என்று எழுதியும் நிற்காத ஸ்கிரிப்ட்

போன வெள்ளிக்கிழமை அன்னதானத்தில் சாப்பாடு பத்தாமல் போனதற்குத் தொண்டூழியர்கள் நாங்கள் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். கடைசியாக வந்த வயசானவங்களுக்கு மோரும் வாழைப்பழமும்தான் கொடுக்க முடிஞ்சது. சமையல்கார அண்ணன் கணக்கைத் தப்பா போட்டுட்டார்னு சிலர் பேசினீங்க. அவர் பதில் ஒண்ணும் பேசல. ஆனா தப்பு அவருடையது இல்லை.

நீங்க ஃபோன்ல பதிவு செய்யும் பட்டியலை நம்ம தம்பி எழுதின ஸ்கிரிப்ட் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்வர்ல இருந்து எடுத்து, எண்ணிக்கை கூடியிருந்தா அண்ணனுக்கு அனுப்பும். வியாழன் மாலை 180 என்று வந்தது. அதுக்குப் பிறகு ஒரு மெசேஜும் இல்லை. கூடலன்னு நினைச்சு அண்ணன் 180 பேருக்கு அரிசி போட்டார். உண்மையில் 260 பேர்.

ஸ்கிரிப்ட் இராத்திரி முழுக்க ஒரே இடத்தில் தொங்கிக்கிட்டு இருந்திருக்கு. ஒன்று ஓடும்போது இன்னொன்று தொடங்காதபடி பூட்டு வேற போட்டிருந்ததால, அடுத்த மணிக்கெல்லாம் எதுவுமே ஓடல.

"டைம்அவுட் 10 விநாடின்னு எழுதியிருக்கேன் அண்ணே, பாருங்க"ன்னு தம்பி காட்டினான். எழுதித்தான் இருந்தான். பிறகு ஏன் நிக்கல?

பைத்தானில் ரிக்வெஸ்ட்ஸ் என்ற நூலகத்துக்குக் கொடுக்கும் அந்த 10 விநாடி, மொத்த வேலைக்கும் இல்லையாம். இணைப்பு கிடைக்க ஒரு காத்திருப்பு. அதுக்கு அப்புறம், ஒரு துளி டேட்டாவுக்கும் அடுத்த துளிக்கும் நடுவில் உள்ள இடைவெளி. சர்வர் சாகாமல் சொட்டுச் சொட்டா அனுப்பிக்கிட்டே இருந்தா, ஒவ்வொரு சொட்டுக்கும் கணக்கு மறுபடி பூஜ்யத்துக்குப் போயிடும்.

எஸ்.பி.எம். வரைக்கும் படிச்ச எங்களுக்கு இது உடனே புரிஞ்சது. எங்க ஃபேக்டரி லைன்ல ஒரு சென்சார் இருக்கு. 10 விநாடி பெட்டி வரலன்னா லைன் நின்னுடும். 9 விநாடிக்கு ஒரு பெட்டி வந்தா? நிக்கவே நிக்காது, ஷிஃப்ட் டார்கெட்டும் வராது.

சனிக்கிழமை பழைய லேப்டாப்பில் சோதிச்சோம். 5 விநாடிக்கு ஒரு எழுத்து மட்டும் அனுப்பும் சின்ன சர்வர். தே தாரிக் குடிச்சு முடிச்சோம், ஸ்கிரிப்ட் இன்னும் காத்துக்கிட்டு இருந்தது.

இப்போ லினக்ஸில் இருக்கும் 'டைம்அவுட்' கட்டளையை முன்னால் போட்டு, 60 விநாடி ஆனா வெளியில் இருந்தே நிறுத்துறோம். அப்படி நிறுத்தினா 124 என்ற எண் வரும். வந்தவுடன் 'பட்டியல் எடுக்க முடியல'ன்னு அண்ணனுக்கும் எங்களுக்கும் மெசேஜ் போகும். (மற்ற கோயில் தம்பிகளுக்கு: கர்ல் பயன்படுத்தினா 'கனெக்ட்-டைம்அவுட்' இணைப்புக்கு மட்டும்தான், மொத்த நேரத்துக்கு 'மேக்ஸ்-டைம்' போடணும்.)

எண்ணிக்கை மாறாவிட்டாலும் இனி மணிக்கு ஒரு மெசேஜ் போகும். வரலன்னா அண்ணன் எங்களைக் கூப்பிடுவார்.

வரும் வெள்ளிக்குப் பதிவு வியாழன் இரவு 9 மணி வரை. போன வாரம் சாப்பிடாமல் போனவங்க பதிவு செய்யாமலே வாங்க, உங்களுக்குத் தனியா எடுத்து வைக்கிறோம்.