பாதிச் சீட்டு

சினிமாக் கொட்டகை வாசலில் கிழித்துத் தருகிறார்களே பாதி டிக்கெட், அதை நீங்கள் என்ன செய்வது வழக்கம்? கசக்கி எறிவீர்கள்; அல்லது கைப்பையின் அடியில் சில்லறையோடு கிடந்து அது நைந்து போகும். எனக்கோ அவற்றைச் சேர்த்து வைக்கும் பைத்தியம். அதற்காக வீட்டில் நான் வாங்கும் பேச்சு கொஞ்சநஞ்சமல்ல.

உலகத்தில் எந்தப் பாதிச் சீட்டு வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால், யோசிக்கவே மாட்டேன். 1956 ஜனவரி 2-ஆம் தேதி அமெரிக்காவில், நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்த 'ஷுகர் பௌல்' கல்லூரிக் கால்பந்து ஆட்டத்தின் சீட்டுத்தான். பெயர்தான் கால்பந்து, அந்த ஊரில் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள்!

பிட்ஸ்பர்க் சர்வகலாசாலைக்கும் ஜார்ஜியா டெக் கல்லூரிக்கும் போட்டி. பிட்ஸ்பர்க் அணியில் பாபி கிரியர் என்ற கறுப்பு இளைஞர் இருந்தார். வந்தது வினை! தெற்கு ராஜ்யங்களில் கறுப்பருக்குத் தனிப் பள்ளிக்கூடம், தனி ஆசனம் என்று வைத்திருந்த காலம் அது. ஷுகர் பௌலில் அதுவரை எந்தக் கறுப்பரும் ஆடியதில்லை. ஜார்ஜியா டெக் அந்த ஆட்டத்துக்குப் போகவே கூடாது என்றார் ஜார்ஜியா கவர்னர் மார்வின் கிரிஃபின். கிரியர் இல்லாமல் நாங்கள் வரமாட்டோம் என்றது பிட்ஸ்பர்க்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஜார்ஜியா டெக்கின் வெள்ளைக்கார மாணவர்களே அட்லாண்டா வீதியில் இறங்கி, தங்கள் கவர்னரின் கொடும்பாவியைக் கொளுத்தினார்கள்! ஆட்டம் கைநழுவிப் போகிறதே என்ற ஆத்திரம்தான் பலருக்கு, இருக்கட்டுமே. கல்லூரிகளை நிர்வகிக்கும் குழு கூடி, 14-க்கு 1 என்ற வோட்டில், ஆடலாம் என்று தீர்ப்பளித்தது.

சரி, சீட்டுக்கு இதில் என்ன மகிமை என்கிறீர்களா? அந்த மைதானத்தில் சீட்டு என்பது வெறும் நுழைவுச் சீட்டு அல்ல. எந்த நிறத்தார் எங்கே உட்காரலாம் என்பதும் அதில் அடக்கம். பிட்ஸ்பர்க்காருக்கு ஒதுக்கிய பகுதியில் மட்டும் அன்று அந்தப் பேதம் இல்லை.

ஆட்டத்தில் ஜார்ஜியா டெக் 7-0 என்று ஜெயித்தது. பந்தைப் பிடிக்க வந்தவரைக் கிரியர் தடுத்துவிட்டார் என்று நடுவர் சொன்னதிலிருந்துதான் அந்த வெற்றி பிறந்தது. தள்ளப்பட்டது நான்தான் என்றார் கிரியர். அந்த வழக்கு நெடுநாள் ஓயவில்லை. ஆனால், அன்று பந்தோடு அதிக தூரம் ஓடியவரும் அவரேதான்!

அதே 1956-இல் லூயிசியானா சர்க்கார், இரு நிறத்தாரும் சேர்ந்து விளையாடக் கூடாதென்று சட்டம் போட்டது. 1958-இல் கோர்ட்டு அது செல்லாது என்றது. 1959-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. ஆட்டம் நடந்த ஸ்டேடியத்தையும் பிற்பாடு இடித்துவிட்டார்கள்.

என்றைக்கும் நிற்கும் என்று போட்ட சட்டம் கிழிந்தது. கிழித்தே கொடுத்த சீட்டு நிற்கிறது!