எஸ்தாரா

எங்கள் மடத்துச் சிஸ்டர் ஒருவர் ஸ்பெயின் நாட்டவர். "உங்கள் அம்மா இப்போது எங்கே, சிஸ்டர்?" என்று ஒருநாள் கேட்டேன். "வீட்டில் எஸ்தாரா" என்று சிரித்தார். 'எஸ்தார்' என்றால் இருத்தல். 'ஆ' விகுதி சேர்ந்தால் எதிர்காலம். நான் கேட்டதோ நிகழ்காலம்! கண்ணால் காணாததை ஊகித்துச் சொல்லவும் ஸ்பானிய மொழியில் எதிர்காலமே வருமாம். நாமும் "வீட்டில் இருப்பார்" என்றுதானே சொல்கிறோம்!

சென்ற தவக்காலத்தில் அந்தத் தாயார் இறைவனடி சேர்ந்தார். ஆறுதல் சொல்லத் தெரியாமல், "மோட்சத்தில் எஸ்தாரா, சிஸ்டர்" என்றேன். கண்களைத் துடைத்துக்கொண்டு என்னைத் திருத்தினார்: "எஸ்தாரா அல்ல, மகளே, 'எஸ்தா'. இருக்கிறார்."

ஊகத்திற்கு எதிர்காலம், விசுவாசத்திற்கு நிகழ்காலம். அன்று கற்ற இலக்கணத்தை நான் மறவேன்.